நாலு ராத்திரி நடுக்கடலில்: போகலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் மதுரை, வேலை சிங்கப்பூரில். தோழியும் அவள் கணவரும் 38 அடிப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் புக்கெட்டிலிருந்து போர்ட் பிளேருக்குப் போகிறார்களாம். மூன்றாவது ஆளாக என்னையும் கூப்பிடுகிறார்கள். நாலு நாள் பயணம். எனக்கோ விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகிலேயே குமட்டும். “ராத்திரி தவறி விழுந்துவிட்டால்?” என்று அம்மா அழுகிறார். போகலாமா?
- வாசகி, சிங்கப்பூர்

பதில்: போகலாம். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன், திரும்பி வர விமான டிக்கெட் எந்தத் தேதிக்கு எடுக்கப் போகிறோம் என்று தோழியிடம் கேளுங்கள். ஐந்தாம் நாள் என்று பதில் வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். தூரம் ஏறக்குறைய 400 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் ஓடினால் 80 மணி நேரம். அது கணக்கு, காற்று அதைப் படித்திருக்காது. தேதிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஓடுகிறவர்கள்தான், பாயைச் சுருக்க வேண்டிய நேரத்தில் ‘இன்னும் கொஞ்சம் போகட்டும்’ என்று விட்டுவிடுவார்கள்.

மாதம் நல்ல மாதம்தான். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், நீங்கள் போவது வடமேற்கே. காற்று பக்கவாட்டில் பிடிக்கும், படகு நன்றாக ஓடும், கூடவே நன்றாக ஆடும்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியும். இதே வழியில் ஒருமுறை போனேன். குமட்ட ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். போட்ட மாத்திரை ஐந்து நிமிடத்தில் கடலுக்குள் போய்விட்டது. முந்தின நாள் இரவே தொடங்க வேண்டும். எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுப் பாருங்கள், சில மாத்திரைகள் ஆளைத் தூங்க வைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் வயிறு பழகிவிடுகிறது. அதுவரை உள்ளே உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். வெளியே தொடுவானம் தெரிகிற இடத்தில் இருங்கள், முடிந்தால் சுக்கானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் என் வயிறு ஏற்றுக்கொண்டது வெறும் சோறும் உப்பு நார்த்தங்காயும் மட்டும்தான். நார்த்தங்காயைச் சப்பிக்கொண்டே ஒரு ராத்திரியைக் கழித்திருக்கிறேன்.

குமட்டலைவிட நான் பயப்படுவது தூக்கமின்மைக்கு. மூன்று பேர் என்றால் மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. ஓய்வில் தூக்கம் வராவிட்டாலும் படுத்தே கிடங்கள், பேசிக்கொண்டிருக்காதீர்கள். தொடுவானத்தில் புள்ளியாகத் தெரிகிற சரக்குக் கப்பல் இருபது நிமிடத்தில் உங்கள் தலைமேல் நிற்கும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு பக்கமும் முழுச் சுற்றுப் பார்க்க வேண்டும், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரையை மட்டும் நம்பாதீர்கள். மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அந்தக் கருவி இருக்காது.

அம்மா கேட்டது சரியான கேள்வி. மற்ற இருவரும் தூங்குகிறார்கள், படகு தானியங்கிச் சுக்கானில் ஓடுகிறது, நீங்கள் விழுகிறீர்கள். ஒரு நிமிடத்தில் அது 150 மீட்டர் போயிருக்கும். நீச்சல் தெரிந்தும் பெரிய பயனில்லை. விழாமல் இருப்பதற்கு ஒரே வழி, மார்பில் பூட்டும் பாதுகாப்பு வாரை மாட்டி, கயிற்றின் கொக்கியைப் படகில் பூட்டிய பிறகே அறையின் படியை விட்டு வெளியே வருவது. பகலிலும் தனியாக இருந்தால் அப்படித்தான். இன்னொன்று, தோழியின் கணவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: ராத்திரி ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கிற வழக்கம் வேண்டாம், கழிப்பறை இருக்கிறது.

ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அந்தமான் கடலில், அமைதியான ராத்திரியிலும், தூரத்தில் அடைமழை நெருங்கி வருவது போல ஓர் இரைச்சல் கேட்கலாம். மழை இருக்காது. கடலடி மேடுகள்மேல் ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறி இறங்குவதால் தண்ணீருக்குள்ளேயே பிரம்மாண்டமான அலைகள் எழுகின்றன. மேலே நமக்குத் தெரிவது கொதிக்கிற உலைபோலத் துள்ளும் நீண்ட பட்டை மட்டும். படகைக் குலுக்கிவிட்டுக் கடந்துபோகும். எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை, பாறையில் ஏறிவிட்டோம் என்றே நினைத்தேன். விடிந்து பார்த்தால் தளத்தில் இரண்டு பறவைக்கோலா மீன்கள் செத்துக் கிடந்தன. அவ்வளவுதான் சேதம்.

காகிதம். நீங்கள் புக்கெட்டுக்கு விமானத்தில் போய்ப் படகில் வெளியேறுகிறீர்கள். ஆகவே படகின் ஆள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், புக்கெட்டின் சாலோங் துறையில் குடிவரவு முத்திரையும் விழ வேண்டும். போர்ட் பிளேரில் (2024-இல் அரசு வைத்த பெயர் ஸ்ரீ விஜயபுரம்) சுங்கம், குடிவரவு, கடலோரக் காவல்படை என்று வரிசையாக வருவார்கள், ஒரு நாள் போய்விடும். தோழி வெளிநாட்டுக் குடிமகள் என்றால் விசாவும் படகுக்கான அனுமதியும் முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்க வேண்டும். படகில் சேட்டிலைட் போன் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம், இந்த விஷயத்தில் நம்மவர்கள் கண்டிப்பு.

அம்மாவிடம் நாலு நாள் என்று சொல்லாதீர்கள். ஏழு நாள், அதுவரை போன் வராது என்று சொல்லுங்கள். ஐந்தாம் நாள் கூப்பிட்டால் சந்தோஷப்படுவார். நார்த்தங்காய் ஊறுகாய் அவர் கையாலேயே போட்டு அனுப்பச் சொல்லுங்கள், ஜனவரிக்குள் ஊறிவிடும்.