ராட்செட் ஸ்பேனர் வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: டபுள் எண்ட் ஸ்பேனர் செட் வீட்டில் இருக்கிறது. ராட்செட் ஸ்பேனர் அவசியமா சார்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மி.மீ. போல்ட்டில் (இது மரையுள்ள தண்டின் தடிமன்) பொதுவாக ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. தான் நகரும். 25 மி.மீ. உள்ளே போயிருந்தால் 20 சுற்று. வாய் ஸ்பேனரைச் சுற்றுக்கு 6 தடவை எடுத்து எடுத்து மாட்டினால் மொத்தம் 120 தடவை. ராட்செட்டின் தலைக்குள் பல் சக்கரம் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் திருகும், மறுபக்கம் சும்மா நழுவும். அதனால் மாட்டிய இடத்திலேயே முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். கை திரும்ப இடமிருக்கும் போல்ட்டுக்குச் சாதா ஸ்பேனரே தாராளம்.

கேள்வி: 72 பல், 120 பல் என்கிறார்களே, எது நல்லது?

பதில்: 360ஐப் பல் எண்ணிக்கையால் வகுங்கள். 72 பல் என்றால் 5 டிகிரி. 150 மி.மீ. கைப்பிடியின் நுனி 13 மி.மீ. நகர்ந்தாலே அடுத்த பல் பிடித்துவிடும். அதே நீளத்தில் 12 முனை ரிங் ஸ்பேனரை (மூடிய வளைய வாய்) 30 டிகிரி திருப்பியாக வேண்டும், அதற்கு 78 மி.மீ. வேண்டும். வீட்டு வேலைக்கு 72 போதும். அதற்கு மேல் கொடுக்கிற காசு பெரும்பாலும் பெட்டியில் போட்ட எண்ணுக்குத்தான்.

கேள்வி: திருகும் திசையை மாற்ற லீவர் வைத்தது விலை கூட. திருப்பிப் போட்டு மாட்டுகிற மாடல் போதாதா?

பதில்: லீவர் உள்ளதையே வாங்குங்கள். காரணம் இதுதான்: எதிரே சுவரோ தகடோ இருக்கும் இடத்தில் போல்ட்டைக் கழற்றுகிறீர்கள். போல்ட் வெளியே வர வர ஸ்பேனரையும் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்பேனர் தலை தகட்டில் முட்டி நிற்கும். இனி கழற்றவும் முடியாது, ஸ்பேனரை உருவவும் முடியாது. லீவர் இருந்தால் அதைத் தட்டித் திசையை மாற்றி, இரண்டு சுற்று உள்ளே ஏற்றி விடுவித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் எதிரே உள்ள தகட்டையே கழற்ற வேண்டிவரும். லீவர் மாடலில் தலை பெரும்பாலும் 15 டிகிரி சாய்வாக இருக்கும், விரல் முட்டியும் இடிபடாது.

கேள்வி: எந்தெந்த சைஸ் அண்ணா?

பதில்: 8, 10, 12, 13, 14, 17. ஆறே போதும் தம்பி. இது போல்ட் தலையின் அகலம், தண்டின் தடிமன் அல்ல. 6 மி.மீ. போல்ட்டுக்கு 10. 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 13, ஜப்பான் முறையில் செய்த வண்டிகளில் 12. 12-13ஐத் தடுமாறி மாட்டினால் போல்ட் தலை உருண்டு போகும். மறுபக்க நட்டைப் பிடிக்க அதே சைஸில் சாதா ரிங் ஒன்று எப்படியும் வேண்டும்.

கேள்வி: துருப்பிடித்த போல்ட்டில் போட்டேன், 'டக்'கென்று வழுக்கிவிட்டது. தரம் சரியில்லையா?

பதில்: தரத்தைக் குறை சொல்ல முடியாது. உள்ளே அந்த முழுப் பலத்தையும் தாங்குவது, பல் சக்கரத்தைப் பிடிக்கிற ஒரு சின்னக் கொக்கியின் சில பற்கள். முதல் இளக்கலும் கடைசி இறுக்கலும் சாதா ரிங் ஸ்பேனரில். நடுவில் ஓட்டுவது மட்டும் ராட்செட்டில். கைப்பிடியில் பைப் சொருகவே கூடாது.

கேள்வி: இளகிய பிறகு போல்ட்டும் கூடவே முன்னும் பின்னும் போகிறது.

பதில்: கொக்கியின் உராய்வு போல்ட்டின் உராய்வை விட அதிகமாகிவிட்டது. போல்ட் தலையை ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். அல்லது கையாலேயே சுற்றுங்கள், அந்த நேரத்தில் அதுதான் வேகம்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: இன்வெர்ட்டரை அணைத்து, கரண்ட் பிளக்கையும் எடுங்கள். கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஸ்பேனர் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் அந்த நொடியே பழுத்துவிடும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஈய முனை மெத்தென்றது, கிளாம்ப் கையால் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும்.

கேள்வி: எண்ணெய்?

பதில்: தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. கெட்டி கிரீஸ் வைத்தால் கொக்கி ஒட்டிக்கொண்டு பல்லில் முழுதாக உட்காராது.