கார் பேட்டரி மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காலையில் செல்ஃப் இழுக்கத் திணறுகிறது. பேட்டரியை மாற்றியே ஆகவேண்டுமா?

மாற்றும் முன் அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ் இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். முழு சார்ஜ் இருந்தும் சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். வராவிட்டால், வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால், அதுவும் சில நாளில் படுத்துவிடும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்து இறுக்கிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். பல நேரம் கோளாறு அந்த இடத்தோடு முடிந்துவிடும்.

பழைய பேட்டரியில் 38பி20எல் என்று இருக்கிறது. கடையில் 38பி20ஆர் தருகிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். 38 என்பது திறன். பி என்பது அகலமும் உயரமும் சேர்ந்த அளவு. 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்துதான் இங்கே முக்கியம். டெர்மினல்கள் உங்கள் பக்கம் வரும்படி பேட்டரியைத் திருப்பி வையுங்கள். பிளஸ் வலது கைப்பக்கம் இருந்தால் எல், இடப்பக்கம் இருந்தால் ஆர். மாற்றி வாங்கினால் கேபிள் எட்டாது. இழுத்து மாட்டினால் நாளடைவில் உரசி ஷார்ட் ஆகும். பிளஸ், மைனஸைத் தலைகீழாக மாட்டிவிட்டால் மெயின் ஃபியூஸோடு ஆல்டர்நேட்டர் டயோடும் போகும். இன்னொன்று: 46பி24எல்எஸ் என்பதுபோல் முடிவில் எஸ் வந்தால் தடித்த டெர்மினல். மெல்லிய டெர்மினலுக்கான கேபிள் கிளாம்ப் அதில் ஏறாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் அடியில் சீல் விட்டு ஆசிட் கசியும்.

35 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்குப் பதில் 45 போட்டால் ஆல்டர்நேட்டர் கெடுமா?

கெடாது. ஆனால் டிரேயில் சரியாக உட்கார வேண்டும், பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் இறுக வேண்டும், பானட் மூடும்போது பிளஸ் டெர்மினல் இடிக்கக் கூடாது. பிடிப்பில்லாமல் ஆடுகிற பேட்டரியில் தகடுகளில் உள்ள பூச்சு உதிர்ந்து அடியில் சேரும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்குப் பெரிய பேட்டரியால் பலன் இல்லை. அந்தத் தூரத்தில் அது நிரம்பாது.

சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணைந்து, கிளம்பும்போது தானே ஓடத் தொடங்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்குச் சாதா பேட்டரி போடலாமா?

கூடாது. சீக்கிரமே செத்துவிடும். ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) இருந்த இடத்தில் ஏஜிஎம். இஎஃப்பி (சாதா பேட்டரியையே வலுப்படுத்திய வகை) இருந்த இடத்தில் இஎஃப்பி அல்லது ஏஜிஎம்.

நானே மாற்றலாமா?

தாராளமாக. வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கடையில் கிடந்ததை எடுக்காதீர்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், கை வெந்துவிடும். மாட்டிய பிறகு பவர் விண்டோ தானாக மேலே ஏறாவிட்டால் பயப்படாதீர்கள். பல கார்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, பட்டனைச் சில விநாடி இழுத்துப் பிடித்தால் பழையபடி வேலை செய்யும்.