புதுச்சேரி ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்) வீடுகளில் ஏன் எப்போதும் பிரான்ஸ் அரசியலே ஓடுகிறது?

ஓட்டு அங்கேதான், அதனால். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்த உள்ளூர்க்காரர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். பிரெஞ்சு அதிபர் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கலாம். தெருவில் சாக்கடை அடைத்தால் திட்டலாம், ஆனால் எம்.எல்.ஏ.வை மாற்ற ஓட்டு கிடையாது.

போர் என்றால் பேச்சு வேறு மாதிரி. சொல்தாக்களில் பலர் வியட்நாமிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்கு வருவார்கள். டீக்கடை வீரவசனமெல்லாம் அவர்களிடம் எடுபடாது.

உள்ளூர் நீதி? அடிதடி, வாடகைத் தகராறு எதுவானாலும் இந்தியச் சட்டம்தான். சிவப்பு நிறப் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் காட்டித் தப்ப முடியாது. அப்புறம், பிரெஞ்சு ஆட்சியின் 1881 ஆணைப்படி இந்து வழக்காற்றைத் துறந்த குடும்பங்கள் தனி. அவர்களின் சொத்து வழக்குகளில் பிரெஞ்சு சிவில் சட்டம் இன்றும் தலைகாட்டும்.