கோணல் கல்லும் நேர் சுவரும்

கேள்வி: உயிரினங்களின் உடல் சின்னச் சின்னப் பிழைகளைத் தாங்கிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி உருவாகிறது என்று படிக்கிறோம். பரிணாமப் பாடத்துக்கு வந்தால் மாற்றம்தான் எல்லாம் என்கிறார்கள். இவ்வளவு உறுதியான ஒன்று, தேவைப்படும்போது எப்படி மாறுகிறது?
– விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி, தேனி

பதில்: முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன் அம்மா. இதே கேள்வியை எனக்குள் எழுப்பியது பழ ஈ.

ரவையும் வெல்லமும் அகரும் சேர்த்துக் காய்ச்சி, பாட்டில்களில் ஊற்றி அவற்றை வளர்ப்போம். 25 டிகிரிதான் அவற்றுக்குத் தோதான சூடு. ஒரு மே மாதம் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் அறை கொதித்துவிட்டது. புழுக்களில் பாதி செத்துப்போயின. தப்பித்து வந்த ஈக்களை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இறக்கையிலும் அதே நரம்புகள், அதே இடத்தில். அவ்வளவு அவதியிலும் அந்தக் கோடுகள் பிசகவில்லை. அன்று வெகுநேரம் அந்த மேசையை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

சூட்டை இன்னும் கூட்டினால் என்ன ஆகும் என்பதை எடின்பரோவில் கான்ராட் வாடிங்டன் என்ற உயிரியலாளர் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். 1953-ல் வெளியான ஆய்வு அது. கூட்டுப்புழுக்களை நான்கு மணி நேரம் 40 டிகிரியில் வைத்தார். சில ஈக்கள் இறக்கையில் குறுக்கு நரம்பு இல்லாமல் வெளிவந்தன. அவற்றை மட்டும் இணைசேர்த்தார். அவற்றின் குஞ்சுகளுக்கும் அதே சூடு, மறுபடியும் பொறுக்கல். இப்படியே பல தலைமுறை போன பிறகு, சூடே படாத ஈக்களிலும் குறுக்கு நரம்பு இல்லாதவை பிறந்தன!

சூடு புதிதாக எதையும் எழுதிவிடவில்லை. நரம்பைக் குலைக்கக்கூடிய மரபணு வேறுபாடுகள் அந்தக் கூட்டத்தில் முன்பே சிதறிக் கிடந்தன. சூடு அவற்றைக் காட்டிக்கொடுத்தது. பொறுக்கி வளர்த்ததுதான் அவற்றை ஒன்றுசேர்த்தது.

சரி, அதுவரை அவற்றை மறைத்து வைத்திருந்தது எது? 1998-ல் சூசேன் ரதர்ஃபோர்டும் சூசன் லிண்ட்குவிஸ்டும் ஒரு பதில் கொடுத்தார்கள். ஹெச்எஸ்பி90 என்ற புரதம், மற்ற பல புரதங்கள் சரியான வடிவத்தில் மடிய உதவுகிறது. கைதேர்ந்த கொத்தனாரைப் போல என்று வகுப்பில் சொல்வேன். கல் கொஞ்சம் கோணலாக வந்தாலும் கலவையைக் கூட்டிக் குறைத்து, சுவரைத் தூக்குக்குண்டுக்கு நேராக நிறுத்திவிடுவார். கோணல் கல் உள்ளேயே இருக்கும். இந்தப் புரதத்தின் வேலை குறைந்துபோன ஈக்களில் கண், கால், இறக்கை என்று விதவிதமான கோணல்கள் தெரிந்தன. வம்சத்துக்கு வம்சம் கோணலும் வேறு. அப்படிப்பட்டவற்றைப் பொறுக்கி வளர்த்தபோது, புரதம் பழைய நிலைக்கு வந்த பிறகும் கோணல் தொடர்ந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. இயற்கைத் தேர்வு வெளியே தெரிவதைத்தான் கழிக்கும். உடல் பிழையைத் தாங்கி நேராக நிற்பதால், உள்ளே உள்ள வேறுபாடுகள் கழிபடாமல் தங்கிச் சேர்கின்றன. அந்த உறுதி இல்லையென்றால் ஒவ்வொன்றும் வந்த வேகத்திலேயே களையப்பட்டுவிடும். பின்னால் மாறுவதற்குக் கையிருப்பே இருக்காது.

'தேவைப்படும்போது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். ஈக்கு எது தேவை என்று மரபணுவுக்குத் தெரியாது. நெருக்கடியில் வெளிப்படும் கோணல்களில் பெரும்பாலானவை கெடுதலானவை. எப்போதோ ஒன்று புதிய இடத்துக்குப் பொருந்திவிடுகிறது.

மெக்சிகோவின் குகைகளில் கண்ணில்லாத மீன்கள் உண்டு. அவற்றின் உறவான ஆற்று மீன்களுக்கு நல்ல கண். 2013-ல் வந்த ஆய்வில், வளரும் ஆற்று மீன் கருக்களில் ஹெச்எஸ்பி90-ஐ மருந்தால் தடுத்தார்கள். வழக்கத்தைவிடப் பெரிய கண், சிறிய கண் என்று அளவுகள் விலகி வந்தன. குகை நீரைப் போல உப்பு குறைந்த நீரில் வளர்த்தபோதும் அப்படியே. இருட்டுக்குள் போன முதல் மீன்களிடமும் இந்த வேறுபாடு ஒளிந்திருந்திருக்கலாம். எல்லா மாற்றமும் இந்த வழியில்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இது ஒரு வழி, சோதித்துப் பார்த்த வழி.

உங்கள் ஆய்வகத்தில் பழ ஈ பாட்டில் இருந்தால், ஒரு ஐம்பது ஈயின் இறக்கையையாவது பொறுமையாகப் பாருங்கள். அந்தக் குறுக்கு நரம்பு எங்கே இருக்கிறது என்று வரைந்து வையுங்கள்.