அமெரிக்க ஃபெடரல் மானியத்தை நம்பியிருக்கும் சிறிய அமைப்பு, விதிகள் திடீர் திடீரென மாறும்போது என்ன செய்யலாம்?

நியூஜெர்சியில் முதியோருக்கு உதவும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் மானியக் கணக்கு பார்க்கிறேன். 2025 ஜனவரி 27 அன்று, ஃபெடரல் நிதியுதவிகளை நிறுத்திவைக்கச் சொல்லி வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. 29ஆம் தேதியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் அடுத்த சம்பளம் போட முடியுமா என்று தெரியாமல் தவித்தோம்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: செய்தியைப் பார்த்து வேலையை நிறுத்தாதீர்கள். உங்கள் பெயருக்கு எழுத்தில் வரும் கடிதம்தான் கணக்கு.

அப்புறம், மானிய ஆணையில், அதாவது மானியம் தரும் அரசுத் துறை நிபந்தனைகளோடு அனுப்பிய ஆவணத்தில், ரத்து பற்றிய பகுதியை இன்றே படியுங்கள். ஃபெடரல் மானியங்களின் பொது விதித்தொகுப்புக்குப் பெயர் 2 சிஎஃப்ஆர் 200. துறையின் முன்னுரிமைக்குப் பொருந்தாத மானியத்தை ஆணையின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ரத்து செய்ய அதன் 340ஆம் பிரிவு இடம் தருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த அதிபர் உத்தரவோ, துறை தன் வசதிப்படி ரத்து செய்யவும் வழிவிடும் நிபந்தனைகளைச் சேர்க்கச் சொன்னது. ஆகவே திருத்திய மானிய ஆணை வந்தால் வரிவரியாகப் படித்த பிறகே பணம் எடுங்கள். பணம் எடுத்தாலே புது நிபந்தனைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் துறைகள் உண்டு.

தேதிகள்தான் உங்களைக் காப்பாற்றும். மானியம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகு புதிதாகச் செய்யும் செலவைத் துறை வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய கேட்க முடியாது. ஆனால் அதற்கு முன்பே முறையாக ஒப்புக்கொண்டு, இப்போது விலக முடியாத செலவை, உதாரணமாக ஒரு வாடகை ஒப்பந்தத்தை, அதே விதித்தொகுப்பின் 343ஆம் பிரிவின்படி கோரலாம். ஒப்பந்தம், வேலைநேரப் பதிவு எல்லாவற்றிலும் தேதி, கையெழுத்து இருக்கட்டும்.

நாங்கள் காலாண்டுக்கு ஒருமுறை கேட்டுவந்த பணத்தை இப்போது ஒவ்வொரு சம்பளத்தோடும் கேட்கிறோம். செலவழித்த பணம் நம் கையிலிருந்து போய் மாதக்கணக்கில் வராமல் கிடப்பதுதான் சிறிய அமைப்பை முடக்கும்.

ரத்துக் கடிதமே வந்துவிட்டால், ஆட்சேபத்துக்கான கெடுவை அன்றே குறித்துக்கொண்டு, மானிய வழக்குகளில் அனுபவமுள்ள வக்கீலைப் பாருங்கள். 2025இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு இடைக்கால உத்தரவுகளுக்குப் பிறகு, எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

துறையின் பதிவில் உங்கள் தொடர்பு மின்னஞ்சல் யாருடையது என்றும் பாருங்கள். எங்களுக்கு வந்த ஒரு முக்கியமான கடிதம், வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரியில் ஒன்பது நாள் திறக்கப்படாமல் கிடந்தது.