அறிவுரையை விட்டுவிட்டு ஆழாக்கை எடுத்துச் செல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 78. சிறு வயது முதல் அப்பாவின் மளிகைக் கடையில் நின்றவன். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அழைத்ததால், ஏழாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் ஒழுக்கத்தையும் சிக்கனத்தையும் பற்றிப் பேசினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் காதும் சற்று மந்தம். மறுபடியும் போகலாமா?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: அவசியம் போங்கள், ஐயா, ஆனால் சொற்பொழிவுக்காகப் போகாதீர்கள். ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். படியும் உழக்கும் பிடித்து அளந்த கை தங்களுடையது மட்டுமே. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று அரிசியை அவர்களையே அளக்கச் சொன்னால், அரை, கால், அரைக்கால் என்னும் பின்னங்கள் கைக்கே வந்துவிடும். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் ஏன் மாறியது என்று யாராவது கேட்டால் அன்றைய பாடம் வென்றதாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் அணாக் கணக்கு. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபோது தாங்கள் சிறுவர். பதினாறு அணாவாக இருந்த ரூபாய் நூறு நயா பைசா ஆனதால், ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று முழு எண்ணாக்கினார்கள். அப்படியானால் ஓரணாப் பண்டத்தை நான்கு முறை தனித்தனியாக வாங்கியவர் கொடுத்தது 24 தானே, நட்டம் யாருக்கு என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். (பேசாமல் இருப்பதுதான் நம் வயதில் கடினம்.)

ஒரு நாள் விருந்தினராகப் போய் வருவதில் பயன் குறைவு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத் தொடக்கப் பள்ளிகளில் 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்' திட்டத்தில் சேர்ந்த முதியவர்கள், முன்பயிற்சி பெற்று, வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் குழந்தைகளுக்கு வாசிப்பில் உதவினார்கள். தங்களுக்கு வாரம் ஒரு பாடவேளை போதும், ஆனால் தவறக் கூடாது. வகுப்பாசிரியரும் உடன் இருக்கட்டும்.

காது மந்தம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறேழு பேரை அரைவட்டமாக உட்காரவைத்து, கேள்விகளைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். கூச்சப்படும் பிள்ளைக்கும் அது வசதி. ஆழாக்கு கைவசம் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். அரிசிப் பானைக்குள் இன்னும் ஒன்று கிடக்கும்.