விரலில் குத்தாமல், ஒளியை வைத்தே ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு பொருளின் மேல் ஒளியைப் பாய்ச்சி, எந்த நிறத்தை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து, உள்ளே இருப்பதைக் கணிப்பதுதான் நிறமாலை அளவீடு. சிங்கப்பூர் தேக்காவில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கினால், குடிக்காமலே குவளையை வெளிச்சத்தில் பிடித்துக் கடுப்பா லேசா என்று சொல்லிவிடுகிறோமே, அதே வேலை.

2021-ல் தெமாசெக் அறநிறுவனம் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த ஆக்சிமீட்டர் (ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) அலமாரியில் இருந்தால் விரலில் மாட்டிப் பாருங்கள். சிவப்பு ஒளி தெரியும். கூடவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் பாய்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். ஆக்சிஜன் இறங்கியது இதற்கு நேர் எதிர். கருவி இரண்டையும் ஒப்பிட்டுச் சில விநாடிகளில் ஆக்சிஜன் அளவை எண்ணாகக் காட்டிவிடுகிறது.

தோலும் நகமும் எலும்பும் ஒளியை விழுங்காதா? விழுங்கும். ஆனால் அவை துடிப்பதில்லை. தமனி ரத்தம் மட்டுமே நாடியோடு கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்று 1970-களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒன்று மட்டும் கவனம்: நம்மைப் போன்ற கருமையான தோலில் எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக வரலாம். மூச்சு முட்டினால் எண்ணை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

சரி, கைக்கடிகாரத்தின் ஒளி ரத்தச் சர்க்கரையையும் அளந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சீனி போட்ட தே ஓவும் போடாத தே ஓ கோசோங்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது மாதிரி, சர்க்கரைக்கும் ரத்தத்தில் தனி நிறம் கிடையாது, அதனால் விரலில் குத்தும் மீட்டரை இப்போதைக்குத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.